போல்கெரி சிவப்பு ஒயின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலி ஒயின் என்றதும் கியாந்தி, பரோலோ என்று சரளமாகப் பேசுபவர்கள்கூட போல்கெரி என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆனால் சஸ்ஸிகாயா, ஓர்னெல்லாயா, மஸ்ஸேத்தோ என்ற பெயர்களில் ஒன்றையாவது கேட்டிருப்பார்கள். மூன்றும் ஒரே ஊர்ச் சரக்கு. ஒயின் பழகத் தொடங்கியவர்கள் இந்த ஊரைப் பற்றி வழக்கமாகக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே.

போல்கெரி எங்கே இருக்கிறது?

இத்தாலியின் டஸ்கனி மாநிலத்தில், கடலோரமாக. பீசாவிலிருந்து தெற்கே காரில் ஒரு மணி நேரம். லிவோர்னோ மாவட்டத்தில் காஸ்தஞேத்தோ கார்தூச்சி என்றொரு நகராட்சி இருக்கிறது. அதற்குள் அடங்கிய குட்டிக் கிராமம்தான் போல்கெரி. ஒயின் பகுதி என்பது கிராமத்தை மட்டும் குறிப்பதில்லை, நகராட்சியின் பெரும்பகுதி அதில் வந்துவிடுகிறது. மேற்கே கடல், கிழக்கே மலை, நடுவில் ஒரு பத்து கிலோமீட்டருக்கும் குறைவான சரிவு. அந்தச் சரிவில்தான் தோட்டங்கள்.

பரப்பைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்: 1,300 ஹெக்டேரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். பிரான்ஸின் புகழ்பெற்ற ஒயின் பகுதியான போர்தோ இதைப்போல அறுபது எழுபது மடங்கு பெரியது.

‘போர்தோ பாணி’ என்கிறார்களே, அப்படியென்றால்?

பிரான்ஸின் போர்தோ பகுதியில் ஒரே வகைத் திராட்சையில் சிவப்பு ஒயின் செய்வது அரிது. கபெர்னே சோவின்யோன், மெர்லோ, கபெர்னே ஃப்ரான், கொஞ்சம் பெத்தி வெர்தோ என்று இரண்டு மூன்று வகைகளைத் தனித்தனியாக நொதிக்கவைத்து, பிறகு ருசி பார்த்துக் கலப்பார்கள். மெர்லோ சீக்கிரம் பழுக்கும். கபெர்னே சோவின்யோன் தாமதம். இலையுதிர்கால மழை ஒன்றைக் கெடுத்தால் மற்றது காப்பாற்றும். கலப்பது ருசிக்காக என்று இன்று சொல்கிறோம், ஆனால் அதில் விவசாயியின் முன்ஜாக்கிரதையும் உண்டு. கலந்ததை 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஊறவைத்துப் பிறகு பாட்டிலில் அடைப்பார்கள். இந்தத் திராட்சைகள், இந்தக் கலவை, இந்தப் பீப்பாய் மூன்றும் சேர்ந்ததுதான் போர்தோ பாணி.

இத்தாலியில் சொந்தத் திராட்சை நூற்றுக்கணக்கில் இருக்கும்போது பிரெஞ்சுத் திராட்சை எதற்கு?

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் ஒரு குடும்பக் கதை.

இந்த ஊர் நிலமெல்லாம் பல நூற்றாண்டுகளாக கெரார்தெஸ்கா என்ற பிரபு குடும்பத்தின் கையில் இருந்தது. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தின் நரகப் பகுதியில் சந்திக்கும் உகோலினோ பிரபு இந்தக் குடும்பத்து ஆள்தான். இருபதாம் நூற்றாண்டில் அந்தக் குடும்பத்துச் சகோதரிகள் இருவர் வெளியூர் மாப்பிள்ளைகளை மணந்தார்கள். கிளாரிச்சே 1930-இல் மரியோ இன்சீசா தெல்லா ரொக்கெத்தாவைக் கட்டிக்கொண்டார். கார்லோத்தா, ஃப்ளோரன்ஸின் பழம்பெரும் ஒயின் குடும்பமான ஆந்தினோரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். போல்கெரியின் மூன்று பெரிய பண்ணைகளும் இந்த இரண்டு கல்யாணங்களிலிருந்து கிளைத்தவை. கிளாரிச்சே வழியில் வந்தது சான் குயிதோ பண்ணை, அதாவது சஸ்ஸிகாயா. கார்லோத்தாவின் மகன்களில் பியெரோ நடத்தியது குவாதோ அல் தாஸ்ஸோ. தம்பி லொதொவீக்கோ 1981-இல் தொடங்கியது ஓர்னெல்லாயா. ஒயின் உலகம் ‘போல்கெரி அதிசயம்’ என்று பேசுவதில் பாதி, பெரியம்மா சித்தி பிள்ளைகளுக்குள் நடந்த சொத்துப் பங்கீடு.

மரியோவுக்குப் பல பித்து. குதிரை வளர்ப்பில் ஃபெதெரீகோ தேசியோவின் கூட்டாளி. ஓடிய 16 பந்தயங்களிலும் ஜெயித்த ரிபோ என்ற குதிரை அவர்கள் லாயத்தில் வளர்ந்தது. இத்தாலியின் உலக வனவிலங்கு நிதிக் கிளைக்கு முதல் தலைவரும் அவரே. இவற்றோடு, பீசாவில் மாணவராக இருந்த நாளிலிருந்தே போர்தோ ஒயின் மேல் ஆசை. போர் நடந்துகொண்டிருந்த 1944-இல், பீசாவுக்குப் பக்கத்திலுள்ள ஒரு நண்பர் பண்ணையிலிருந்து கபெர்னே கொடிகளை வாங்கிவந்து, போல்கெரிக்கு மேலே மலைச்சரிவில் நட்டார். போர்தோவின் கிராவ் பகுதி நிலம்போல இங்கேயும் கல் நிறைய இருக்கிறதே என்பது அவர் கணக்கு.

ஊரில் யாருக்கும் அந்த ஒயின் பிடிக்கவில்லை. செய்த வருஷமே குடித்துத் தீர்க்கும் லேசான ஒயினுக்குப் பழகியவர்களுக்கு இதன் துவர்ப்பு ஒத்துவரவில்லை. அதனால் இருபது ஆண்டு அது வீட்டு ஒயினாகவே இருந்தது. நிலவறையில் மறந்து கிடந்த பாட்டில்களைத் திறந்தபோதுதான், பத்து வருஷம் போனால் அது வேறொன்றாகிவிடுகிறது என்று புரிந்தது. கீழே கல்லாங்காடாகக் கிடந்த நிலத்திலும் கொடி நட்டார்கள். 1968 அறுவடை, ஆந்தினோரி குடும்பத்தின் விற்பனைத் தொடர்புகள் வழியாக, எழுபதுகளின் தொடக்கத்தில் முதல்முறை கடைக்கு வந்தது. ஆந்தினோரியின் ஒயின் வல்லுநர் ஜாக்கோமோ தாகிஸ் கைவைத்த பிறகு வீட்டு ஒயின் ஒழுங்கான கடை ஒயினானது.

உலகத்துக்கு எப்போது தெரியவந்தது?

1978-இல். ‘டிகான்டர்’ பத்திரிகை லண்டனில் லேபிளை மறைத்து ஒரு ருசிப் போட்டி வைத்தது. பல நாட்டு கபெர்னே ஒயின்கள் வரிசையில் இருந்தன, போர்தோவும் உண்டு. ஜெயித்தது 1972 சஸ்ஸிகாயா. அப்போது இத்தாலியச் சட்டப்படி அந்த ஒயினுக்கு லேபிளில் போட்டுக்கொள்ள ஊர்ப் பெயர்கூட இல்லை. ‘மேசை ஒயின்’ என்ற கடைசிப் படியில்தான் விற்றது. அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் நூற்றுக்கு நூறு கொடுத்த 1985 சஸ்ஸிகாயாவும் சட்டப்படி மேசை ஒயின்தான். பேப்பர் ஒன்று சொல்ல, நாக்கு வேறு சொன்ன காலம் அது.

‘சூப்பர் டஸ்கன்’ என்பதும் போல்கெரியும் ஒன்றா?

இல்லை. டஸ்கனியில் ஒயின் விதிகளுக்குள் அடங்காமல், ஆனால் விதிக்குள் அடங்கியவற்றைவிடத் தரமாக வந்த ஒயின்களுக்குப் பத்திரிகைகள் வைத்த செல்லப்பெயர் சூப்பர் டஸ்கன். சட்டத்தில் அப்படி ஒரு வகை கிடையாது. சஸ்ஸிகாயா அந்தப் பட்டியலில் உண்டு. 1971-இல் தொடங்கிய தின்ஞானெல்லோவும் உண்டு. ஆனால் அது கியாந்தி மலைப்பக்கத்து ஒயின், அதன் முதுகெலும்பு உள்ளூர்த் திராட்சையான சான்ஜொவேசே. இப்போது போல்கெரிக்கு என்று சொந்த விதிகள் வந்துவிட்டதால், அங்கிருந்து வரும் பெரும்பாலான ஒயின்களை சூப்பர் டஸ்கன் என்று அழைப்பது பழைய பழக்கம் மட்டுமே. கடைக்காரர் இந்தச் சொல்லை வைத்து விலையை ஏற்றினால் லேபிளைத் திருப்பி, எந்த ஊர், எந்தத் திராட்சை என்று படியுங்கள்.

லேபிளில் ரோஸ்ஸோ, சுபெரியோரே என்றெல்லாம் இருக்கிறது. என்ன வித்தியாசம்?

முதலில் ஒரு வேடிக்கை. போல்கெரிக்கு டிஓசி என்ற அரசு அங்கீகாரம் 1983-இல் கிடைத்தது. வெள்ளை ஒயினுக்கும் இளஞ்சிவப்பு ரோஸே ஒயினுக்கும் மட்டும்! உலகமே பேசிய சிவப்பு அதில் இல்லை. 1994-இல்தான் சிவப்பைச் சேர்த்தார்கள். சஸ்ஸிகாயா அப்போது உட்பகுதியாக நுழைந்தது. 2013-இல் ‘போல்கெரி சஸ்ஸிகாயா’ என்று தனி டிஓசியே கிடைத்தது. ஒரே ஒரு பண்ணைக்காக ஒரு டிஓசி என்பது இத்தாலியில் அபூர்வம்.

இப்போதைய கணக்கு இது. போல்கெரி ரோஸ்ஸோ என்றால் அடிப்படைச் சிவப்பு. அறுவடைக்கு அடுத்த ஆண்டு செப்டம்பரிலிருந்து விற்கலாம். சுபெரியோரே என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு முதிர்ச்சி, அதில் ஓராண்டு ஓக் மரத்தில், விளைச்சலுக்கும் கூடுதல் கட்டுப்பாடு. சஸ்ஸிகாயாவில் கபெர்னே சோவின்யோன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். வழக்கமாக 85 சோவின்யோன், 15 ஃப்ரான் என்று வருகிறது.

மற்ற போல்கெரி சிவப்புகளில் கபெர்னே சோவின்யோன், கபெர்னே ஃப்ரான், மெர்லோ ஆகியவற்றை எந்த அளவிலும் சேர்க்கலாம். ஒன்றையே நூறு சதவீதமும் போடலாம். இந்தச் சுதந்திரம் 2011 திருத்தத்தில் வந்தது. சிரா, சான்ஜொவேசே இரண்டுக்கும் பாதி வரை அனுமதி.

அப்புறம் ஒன்று: ஊரின் மிக விலையுயர்ந்த பாட்டிலான மஸ்ஸேத்தோவின் லேபிளில் போல்கெரி என்றே இருக்காது. ‘தொஸ்கானா ஐஜிடி’ என்ற, டஸ்கனி முழுமைக்குமான பொதுப் பெயரில்தான் வருகிறது. சட்டம் இடம் கொடுத்த பிறகும் பழைய பெயரிலேயே இருந்துவிட்டார்கள். ஆகவே இந்த ஊரைப் பொறுத்தவரை அங்கீகாரத்தின் பெயரைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள். யார் செய்தது என்று பாருங்கள்.

போர்தோ ஒயினுக்கும் இதற்கும் ருசியில் என்ன வித்தியாசம்?

கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் தேர்ந்தவர்களே தடுமாறுவார்கள், உண்மை. ஆனாலும் சில அடையாளங்கள் உண்டு.

போல்கெரியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. கடலில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்துகொள்கிறது. பகல் சூட்டைக் கடற்காற்று தணிக்கிறது. இரவில் மலைப்பக்கமிருந்து குளிர்ந்த காற்று இறங்குகிறது. திராட்சை நன்றாகப் பழுக்கும், ஆனால் வெந்துபோகாது. அதனால் போர்தோவில் குளிர்ந்த ஆண்டுகளில் வரும் பச்சைக் குடைமிளகாய் வாசனை இங்கே குறைவு. பழச்சுவை முன்னால் நிற்கும். ஆல்கஹால் 14 சதவீதத்தை ஒட்டி வரும். துவர்ப்பு இருக்கும், ஆனால் வட்டமாக இருக்கும்.

ஒரு நல்ல சுபெரியோரேயைக் கோப்பையில் ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் மை போன்ற கருஞ்சிவப்பு, ஓரத்தில் மாதுளை நிறம் எட்டிப்பார்க்கும். முதலில் வருவது கறுத்த பழங்களின் வாசனை. கொஞ்சம் சுழற்றி ஐந்து நிமிடம் விட்டால் ரோஸ்மேரி, மிர்ட்டில் மாதிரி ஒரு புதர் வாசனை எழும். கடலோரக் குன்றுகளில் தானாக வளரும் அந்தச் செடிகளின் வாடையை இந்த ஊர்க்காரர்கள் தங்கள் ஒயினின் முகவரியாகவே சொல்வார்கள். வாயில் முதலில் இனிப்பான பழம். விழுங்கிய பிறகு, நாவல்பழம் தின்ற நாக்கில் நிற்குமே, அதேமாதிரி ஒரு துவர்ப்பு ஈறில் பிடித்து நிற்கும். பீப்பாய் தரும் வனிலா, காப்பிக்கொட்டை வாசனை கடைசியில்தான் வர வேண்டும். அதுவே முதலில் வந்தால் ஒன்று ஒயின் இன்னும் இளசு, அல்லது மரத்தை அள்ளிப் போட்டிருக்கிறார்கள்.

எந்தத் திராட்சை எந்த வேலையைச் செய்கிறது?

கபெர்னே சோவின்யோன் எலும்புக்கூடு: துவர்ப்பு, நீண்ட ஆயுள். கல், சரளை நிலம் இதற்குப் பிடிக்கும். மெர்லோ சதைப்பற்று, களிமண்ணில் நன்றாக வரும். பெத்தி வெர்தோ போர்தோவில் பல ஆண்டு பழுக்காமலே போய்விடும் சண்டித்திராட்சை. இங்கே வெயிலில் ஒழுங்காகப் பழுப்பதால் நிறத்துக்கும் காரசாரத்துக்கும் சில சதவீதம் சேர்க்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இந்த ஊருக்கு மிகவும் பொருந்திய திராட்சை கபெர்னே ஃப்ரான்தான். போர்தோவில் துணை நடிகர் அது. இங்கே சூடு சரியாகக் கிடைப்பதால் அதன் பச்சை வாடை போய், பூவும் மசாலாவும் கலந்த ஒரு நறுமணம் மட்டும் தங்குகிறது. லே மாக்கியோலே என்ற பண்ணை இதை முன்பே கண்டுகொண்டது. உள்ளூர்க்காரரான யூஜேனியோ கம்போல்மியும் மனைவி சின்சியா மெர்லியும் வளர்த்த பண்ணை அது. அவர்களுடைய பாலேயோ என்ற ஒயின் முதலில் கலவையாக இருந்தது. 2001 அறுவடையிலிருந்து முழுக்க கபெர்னே ஃப்ரான் ஆனது. அடுத்த ஆண்டே கம்போல்மி காலமாகிவிட்டார். சின்சியா பண்ணையைத் தொடர்ந்து நடத்திப் பேரெடுத்தார். பிரபு வம்சம் இல்லாமலும் இந்த ஊரில் முதல் வரிசைக்கு வரலாம் என்பதற்கு அவர்கள் சாட்சி.

மஸ்ஸேத்தோ ஏன் அவ்வளவு விலை?

ஓர்னெல்லாயா பண்ணைக்குள் ஒரு சின்னக் குன்று இருக்கிறது. ஏழு ஹெக்டேர் சொச்சம். கடல் இருந்த காலத்தில் படிந்த நீலச் சாம்பல் நிறக் களிமண் அது. கோடையில் காய்ந்தால் பாறை மாதிரி இறுகிக் கட்டிகட்டியாக வெடிக்கும். மழையில் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு விடாது. விவசாயம் செய்பவர்கள் யாரும் விரும்பி வாங்காத மண். ஆனால் அந்தக் களிமண் ஈரத்தை ஆழத்தில் பிடித்து வைத்துக்கொண்டு, வறண்ட ஆகஸ்டிலும் கொடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. மெர்லோவுக்கு வேண்டியது அதுதான். போர்தோவின் பொமெரோலில், உலகின் மிக விலையுயர்ந்த மெர்லோ ஒயின்களில் ஒன்றான பெத்ரூஸ் நிற்பதும் நீலக் களிமண்ணில்தான்.

லொதொவீக்கோ ஆந்தினோரிக்கு ஆலோசகராக வந்தவர் கலிஃபோர்னியாவில் பேர்போன ஆந்த்ரே செலிஸ்செஃப். மெர்லோவைத் தனியாகப் பாட்டிலில் அடைத்தது 1986 அறுவடையில். மஸ்ஸேத்தோ என்ற பெயர் அடுத்த ஆண்டு வந்தது. பரப்பு கொஞ்சம், வாங்கத் துடிப்பவர்கள் நிறைய. ஒரு பாட்டில் பல நூறு யூரோ. சில ஆண்டுகளுடையது ஆயிரத்தைத் தொடும். அந்த விலையில் ருசி எவ்வளவு, பேர் எவ்வளவு என்று பிரிப்பது கஷ்டம். ஒயின் அபாரமானது, ஆனால் பத்து மடங்கு விலை பத்து மடங்கு ருசி ஆகாது. ஓர்னெல்லாயாவும் மஸ்ஸேத்தோவும் இன்று ஃப்ரெஸ்கோபால்தி குடும்பத்தின் கையில் இருக்கின்றன.

சஸ்ஸிகாயா குடித்தால் போல்கெரியைத் தெரிந்துகொண்டதாக அர்த்தமா?

இல்லை. இதைச் சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள். சஸ்ஸிகாயா இந்த ஊரின் விதிவிலக்கு. அது ஒல்லியான, நிமிர்ந்த ஒயின். புளிப்பு தூக்கலாக, சிவந்த பழங்களும் சிடார் மர வாசனையுமாக இருக்கும். மெர்லோ கிடையாது. உயரமான தோட்டங்களின் திராட்சையும் அதில் சேர்வதால் ஒரு குளிர்ச்சி தெரியும். பக்கத்துப் பண்ணைகளில் பெரும்பாலானவை இதைவிடச் செழிப்பான, இருண்ட, மெத்தென்ற ஒயின் செய்கின்றன. முதலில் இதை மட்டும் குடித்துவிட்டு மற்றதை எதிர்பார்த்தாலோ, மற்றதைக் குடித்துவிட்டு இதை எதிர்பார்த்தாலோ ஏமாற்றம்தான். இளசாகத் திறந்தால் ‘இதற்கா இவ்வளவு காசு’ என்றும் தோன்றும். பத்து வருஷமாவது தாங்கிய பாட்டில் கிடைத்தால் குடியுங்கள்.

உள்ளூர்த் திராட்சை எதுவும் சேர்ப்பதில்லையா?

சேர்க்கிறார்கள், ஆனால் குறைவு. கடலோர வெயிலில் சான்ஜொவேசே கியாந்தியில் மாதிரி மிளிர்வதில்லை என்பது பொதுவான அபிப்பிராயம். கிரத்தாமாக்கோ என்ற பண்ணை அதை ஏற்கவில்லை. 1977-இல் தொடங்கிய அந்தப் பண்ணை, குன்றின் மேல் உயரத்தில் இருப்பதால், தன் கபெர்னே–மெர்லோ கலவையில் சான்ஜொவேசேயையும் விடாமல் சேர்த்து வருகிறது. டஸ்கனி ஒயின் என்று நாக்குக்குத் தெரிய வேண்டும் என்பவர்கள் இதைத் தேடலாம்.

வெள்ளை ஒயின் உண்டா?

உண்டு. வெர்மென்தீனோ என்ற கடலோரத் திராட்சையில் செய்வது. மீனோடு நன்றாக இருக்கும்.

கைக்கு அடங்கிய விலையில் எதிலிருந்து தொடங்கலாம்?

பெரிய பண்ணைகளின் இரண்டாம் ஒயினிலிருந்து. இளங்கொடிகளின் திராட்சையோ, முதல் ஒயினுக்குத் தேர்வாகாத தொட்டிகளோ இதற்குப் போகும். செய்கிற கை அதே கைதான். ஓர்னெல்லாயாவின் லே செர்ரே நுவோவே, குவாதோ அல் தாஸ்ஸோவின் இல் புருச்சாத்தோ ஆகியவை அப்படிப்பட்டவை. சான் குயிதோவின் குயிதால்பெர்தோவை இரண்டாம் ஒயின் என்றால் பண்ணைக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அது மெர்லோ சேர்ந்த தனி ஒயின். வடமேற்கு இத்தாலியின் பியெமோந்தே மாநிலத்துப் பிரபல ஒயின் தயாரிப்பாளர் அஞ்செலோ காயா 1996-இல் இங்கே வந்து தொடங்கிய கா மார்காந்தா பண்ணையும் பல விலைகளில் ஒயின் தருகிறது.

சாதாரண போல்கெரி ரோஸ்ஸோ ஐரோப்பாவில் 20 முதல் 35 யூரோவுக்குள் கிடைக்கும். என் யோசனை: சஸ்ஸிகாயா ஒன்றுக்குக் கொடுக்கும் பணத்தில் ஆறேழு வெவ்வேறு பண்ணைகளின் ரோஸ்ஸோ வாங்கலாம். ஊரைத் தெரிந்துகொள்ள அதுதான் வழி.

எந்த ஆண்டு அறுவடை நல்லது?

2015, 2016 இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். 2015-இல் தாராளம், 2016-இல் ஒழுங்கு. நான் 2016 பக்கம். 2015 சஸ்ஸிகாயாவை ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகை 2018-இல் அந்த ஆண்டின் முதல் ஒயினாக அறிவித்த பிறகு அதன் விலை எகிறிவிட்டது. 2002-உம் 2014-உம் மழையில் நனைந்தவை. 2003, 2017 இரண்டும் வெயில் வறுத்தவை. ஆனால் கெட்ட ஆண்டில் நல்ல பண்ணைகள் கண்டிப்பாகக் கழித்துக்கட்டி, குறைவாகச் செய்கின்றன. 2014-இல் சீக்கிரம் குடிக்கத் தகுந்த, மென்மையான ஒயின்கள் சில வந்தன, விலையும் குறைவு.

எப்படிப் பரிமாறுவது? எதோடு சாப்பிடுவது?

16 முதல் 18 டிகிரி. ‘சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில்’ என்ற பழைய பாடம் குளிர்நாட்டு அறைகளுக்குச் சொன்னது. நம் வீட்டு 30 டிகிரி அறையில் வைத்துக் குடித்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் வைத்து எடுங்கள். இளசான சுபெரியோரே என்றால் அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். இருபது வயதான பாட்டிலை அப்படி விடாதீர்கள். வண்டலை மட்டும் நிறுத்திவிட்டு உடனே ஊற்றுங்கள்.

மரேம்மா எனப்படும் இந்த டஸ்கனிக் கடலோரப் பகுதியில் இதற்கு ஜோடி காட்டுப்பன்றி. ஒயினிலும் மூலிகையிலும் ஊறவைத்து, மணிக்கணக்கில் வேகவைத்து, பட்டையான பாஸ்தாவோடு கொடுப்பார்கள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, நன்கு முற்றியது, அதுவும் பொருந்தும். மிளகாய்க் காரம் தூக்கலான குழம்போடு மட்டும் வேண்டாம். காரம் துவர்ப்பையும் ஆல்கஹாலையும் இன்னும் முறுக்கிவிடும், இரண்டும் கெடும். மிளகு போட்டு வறுத்த ஆட்டுக்கறி என்றால் சரி.

இந்த ஒயின் சைவமா?

எல்லாம் அல்ல. திராட்சை ரசத்தைத் தெளியவைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், ஜெலட்டின் சேர்க்கும் வழக்கம் ஒயின் உலகம் முழுக்க இருக்கிறது. பிறகு வடிந்துவிடும், ஆனால் பட்டிருக்கும். முட்டை, பால் எச்சம் இருந்தால் ஐரோப்பிய விதிப்படி லேபிளில் சொல்ல வேண்டும்; ஜெலட்டினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. எனவே வீகன் முத்திரை உள்ள பாட்டிலை வாங்குங்கள், அல்லது பண்ணைக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

போலி பாட்டில்கள் வருமாமே?

வரும். 2020-இல் இத்தாலிய நிதிக் காவல்துறை, போலி சஸ்ஸிகாயா செய்த கும்பல் ஒன்றைப் பிடித்தது. உள்ளே சிசிலி ஒயின், பாட்டில் துருக்கியிலிருந்து, லேபிளும் பெட்டியும் பல்கேரியாவிலிருந்து. நீலத்தில் பொன்னிற நட்சத்திரம் வரை அப்படியே அச்சடித்திருந்தார்கள். வெறும் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று நம்பாதீர்கள். சந்தை விலையில் பாதிக்கு யாராவது கொடுத்தால் அதுவே போதுமான எச்சரிக்கை. பழைய ஆண்டு பாட்டிலானால் எங்கே வாங்கி, எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்டு, ரசீது பார்த்து வாங்குங்கள்.

வெப்பம் கூடிக்கொண்டே போகிறதே, போல்கெரி தாங்குமா?

கடல் பக்கத்தில் இருப்பது ஒரு பாதுகாப்பு. உள்நாட்டைவிட உச்சச் சூடு குறைவு. ஆனால் மெர்லோவுக்கு நெருக்கடி வரும். சரளை நிலத்து மெர்லோ சில ஆண்டுகளில் ஆகஸ்டிலேயே பறிக்க வேண்டியதாகிறது; சர்க்கரை ஏறிவிடும், வாசனை பின்தங்கும். களிமண்ணில் நிற்பது மட்டும் சமாளிக்கிறது. அதனால்தான் கபெர்னே ஃப்ரான், பெத்தி வெர்தோ பக்கம் பண்ணைகள் சாய்வதை இயல்பானதாகப் பார்க்கிறேன். 1944-இல் முதல் கொடிகளை மலைமேல் நட்டதும் இப்போது தொலைநோக்காகத் தெரிகிறது.

நேரில் போய்ப் பார்க்க முடியுமா?

தாராளமாக. பீசா–ரோம் ரயில் பாதையில் காஸ்தஞேத்தோ கார்தூச்சி–தொனொராத்திக்கோ நிலையத்தில் இறங்கலாம். ஆனால் பண்ணைக்குப் பண்ணை போக காரோ சைக்கிளோ வேண்டும். பழைய ஆரேலியா நெடுஞ்சாலையில் சான் குயிதோ என்ற சின்ன தேவாலயத்திலிருந்து கிராமம் வரை கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் நேர்ச்சாலை. இருபுறமும் சைப்ரஸ் மரங்கள், இரண்டாயிரத்துக்கு மேல். 1906-இல் நோபல் பரிசு பெற்ற கவிஞர் ஜொசூவே கார்தூச்சி சிறுவயதில் இங்கே வளர்ந்தவர்; இந்த மரங்களை அவர் பாடிய கவிதையை இத்தாலியப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். நகராட்சியின் பெயரில் பின்பாதி அவருடையதுதான்.

பெரிய பெயர்களின் வாசல் சும்மா போய் நின்றால் திறக்காது. முன்பதிவு வேண்டும், கட்டணமும் கணிசம். நடுத்தரப் பண்ணைகளுக்கு முந்தின வாரம் எழுதிக் கேட்டால் போதும். ஒயின் செய்பவரே நின்று ஊற்றித் தரும் இடங்களும் உண்டு. கிராமத்துக்குள் இருக்கும் ஒயின் கடைகளில் விலையுயர்ந்த ஒயின்களைக் கோப்பைக் கணக்கில் விற்கிறார்கள். முழு பாட்டில் வாங்க முடியாதவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆகஸ்டில் கடற்கரைக் கூட்டம் அலைமோதும், அறை வாடகை இரட்டிப்பாகும். செப்டம்பரில் அறுவடை, பார்க்க அழகு, ஆனால் யாருக்கும் உங்களோடு பேச நேரம் இருக்காது. மே மாதம் போங்கள்.